கொம்பியூட்டர் ஒண்டும் தெரியாது, ஒரு மாசத்தில கடைக் கணக்குக்குப் பழகலாமோ?

சந்தையடி:
யாழ்ப்பாணம் திருநெல்வேலியில சின்னப் பலசரக்குக் கடை, கணக்கு முழுக்கக் கொப்பியில. வீட்டில பழைய மடிக்கணினி ஒண்டு கிடக்கு: ஐ3 மூண்டாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹாட் டிஸ்க், விண்டோஸ் 10. மவுஸ் பிடிப்பன், அவ்வளவுதான். இரவில ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம். எக்செலில தொடங்கவோ?

கொக்குவில்காரன்:
எக்செல் ரெண்டாம் கிழமைக்கு நிக்கட்டும். முதல் கிழமை ஃபைல், ஃபோல்டர் மட்டும். புதுசாப் பழகிறவை அந்தரப்படுறது "செய்ததெல்லாம் எங்க போச்சு" எண்டுதான்.

விண்டோஸ் கீயோட ஆங்கில ஈ (E) எழுத்தை அமத்துங்கோ, ஃபைல் எக்ஸ்புளோரர் திறக்கும். டொக்யுமென்ட்ஸுக்குள்ள கண்ட்ரோல்+ஷிஃப்ட்+என் அமத்தி 'கடை' எண்டு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள மாசத்துக்கு ஒண்டு. நோட்பாட்டில ரெண்டு வரி அடிச்சுத் 'தை'க்குள்ள சேவ் பண்ணுங்கோ. பிறகு எஃப்2வால பேரை மாத்துங்கோ, கண்ட்ரோல்+எக்ஸால வெட்டி 'மாசி'யில கண்ட்ரோல்+வியால ஒட்டுங்கோ, அழிச்சுப்போட்டு ரீசைக்கிள் பின்னில இருந்து மீட்டெடுங்கோ. பிழைச்சால் கண்ட்ரோல்+இசட். யோசிக்காமல் கை ஓடுமட்டும் இதுதான் வேலை.

பென் டிரைவில அழிச்சது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, கவனம். அதில இருக்கிற ஃபைலைத் திறந்தபடி டிரைவை இழுத்தாலும் ஃபைல் பழுதாகலாம். முதல்ல மெசினுக்குக் கொப்பி பண்ணிப்போட்டு வேலை செய்யுங்கோ.

ஸ்குரூ_டிரைவர்:
கொக்குவில்காரன் சொன்னது சரி, ஆனால் அந்த மெசினில இப்பிடியே இருந்தால் நாலு நாளில வெறுத்துப்போவியள். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப் அமத்தி டாஸ்க் மனேஜரைப் பாருங்கோ, டிஸ்க் 100 வீதத்தில நிண்டால் இழுக்கிறது சுத்துற ஹாட் டிஸ்க்தான். அதுக்குப் பதிலா எஸ்எஸ்டி போடுங்கோ, அது சுத்தாத வேகமான டிஸ்க்: 2.5 அங்குல சாட்டா வகை, 240 ஜிபி போதும். பழைய டிஸ்கை அழிக்காமல் எடுத்து வையுங்கோ, படங்கள் அதிலயே இருக்கட்டும்.

ராம் கூட்டிறதெண்டால் மடிக்கணினிக்கான டிடிஆர்3எல் எண்டு கேட்டு வாங்குங்கோ. அது 1.35 வோல்ற்றிலயும் ஓடும், 1.5லயும் ஓடும். டிடிஆர்4 பள்ளத்துக்குள்ள இறங்கவே இறங்காது. பற்றறியைக் கழட்டாமல் மூடியைத் திறக்க வேண்டாம்.

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஓட நிண்டிட்டுது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேணும், டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பும் வேணும், உங்கட ஐ3 தேறாது. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எண்ட இலவச இயங்குதளம் போட்டால் லிப்ரே ஒஃபிஸும் கூடவே வரும். கடைக் கணக்குக்கு அதில எக்செல் மாதிரி இருக்கிற கல்க் தாராளம்.

நல்லூர் ரைப்பிஸ்ட்:
ரெண்டாம் கிழமை கணக்குக்குப் போகேக்க மூண்டு இடத்தில சறுக்கும். பெட்டிக்குள்ள "ரூ. 450" எண்டு அடிச்சால் அது எழுத்து, கூட்டுத்தொகையில சேராது. 450 மட்டும் அடிச்சு, ரூபாய்க் குறியை ஃபோர்மட்டில குடுங்கோ. ஃபோன் நம்பர் 021 எண்டு தொடங்கினால் முன் சைபர் பறந்திடும், அந்தப் பத்தியை முதலே டெக்ஸ்ட் ஆக்குங்கோ. திகதி அமெரிக்க முறையில இருந்தால் 3/5 மார்ச் 5 ஆகும், மே 3 அடிச்சதெண்டு நீங்கள் நினைச்சுக்கொண்டு இருப்பியள். விண்டோஸின்ர பிராந்திய அமைப்பில திகதியை நாள்/மாதம் எண்ட முறைக்கு மாத்துங்கோ.

தமிழ் அடிக்கப் பாமினி எண்ட பழைய எழுத்துரு பழக வேண்டாம். அது தமிழ் உருவம் போட்ட ஆங்கில எழுத்து. பாமினி இல்லாத மெசினில திறந்தால் குப்பையாத் தெரியும், பேரைத் தமிழில தேடினாலும் அகப்படாது. எந்த மெசினிலயும் தமிழாவே தெரியிற யூனிகோட்டில, தமிழ்99 எண்ட விசைப்பலகை முறையைப் பழகுங்கோ: அ, ம, ம, ஆ எண்டு நாலு தட்டு, 'அம்மா' வரும். குத்து அதுவாவே விழும்.

சந்தையடி:
நன்றி. அண்ணா பாமினியில அடிச்ச கடன் லிஸ்ட் ஒண்டு இருக்கு. திரும்ப அடிக்கவோ?

நல்லூர் ரைப்பிஸ்ட்:
தேவையில்லை, பாமினியை யூனிகோட்டாக்கிற மாற்றி இணையத்தில இருக்கு. பேர்ப் பத்தியை மட்டும் ஒட்டி மாத்துங்கோ. இடையில ஆங்கிலப் பேர் இருந்தால் அதையும் தமிழெண்டு நினைச்சுச் சிதைச்சுப்போடும், அந்த வரியளைக் கையால அடியுங்கோ.