விரலால் அரூப ஓவியம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கல்லடி

சனிக்கிழமைகளில் அயல் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். தூரிகையைத் தள்ளி வைத்துவிட்டு விரலாலேயே வரையத் தொடங்கியது அவர்களுக்காகத்தான். ஆனால் நான் எழுத வந்தது ஒரு பெரியவரைப் பற்றி.

பேத்தியைக் கூட்டிப்போக வரும் மாமி அவர். உள்ளே வரமாட்டார், வாசலோடு நிற்பார். ஒருநாள், "நீங்களும் ஒருக்கா தொட்டுப் பாருங்க மாமி" என்றேன்.

"எனக்கென்னத்துக்கு மனே? படம் கீறத் தெரியாது."

"கீற வேணாம், இழுத்தாப் போதும்."

நீலத்தில் நான்கு விரலையும் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மறுகா உள்ளங்கையின் அடியால் அதையே அழுத்தித் தேய்த்தார். கறுப்பை எடுத்து ஒரு பக்கம் மட்டும் தடித்துப் பூசி, நகத்தால் சுரண்டினார். அடியிலிருந்த வெள்ளைத் தாள் கோடாக வெளியே வந்தது. பேத்தி எட்டிப் பார்த்து, "அம்மம்மா, இது கடலா?" என்று கேட்டாள். "ஒண்டுமில்ல புள்ள, சும்மா" என்றார். ஆனால் எழும்பவில்லை. "இந்த மூலை சரியா வரல்ல" என்று மறுபடி விரலைத் தோய்த்தார்.

படம் கீறத் தெரியாது என்றவருக்கு ஒரு மூலை சரியில்லை என்று எப்படித் தெரிந்தது? எனக்கு இதுதான் பெரிய விஷயம். பூச்சாடியைப் பார்த்து வரைந்தால் அது பூச்சாடி மாதிரி இருக்கிறதா என்ற பயம் வந்துவிடும். அரூப ஓவியத்தில் எதைப்போலவும் இருக்கத் தேவையில்லை. எந்த இடம் கனக்கிறது, எந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்ற கணிப்பு மட்டும் மிஞ்சும். அந்தக் கணிப்பு எல்லோரிடமும் இருக்கிறது. விரல் அதை நேரே தாளுக்குக் கொண்டுபோகிறது. தூரிகையின் மயிர் வளைந்து கை அழுத்தத்தைப் பாதி விழுங்கிவிடும். விரலில் அப்படியில்லை, பெயின்ட் எங்கே ஈரம், எங்கே பிசுபிசுக்கத் தொடங்குகிறது என்பதுகூடத் தெரியும்.

நகத்தால் வரைவது புதிதுமல்ல. சீனாவில் காவோ சிபெய் (1660–1734) என்ற ஓவியர் விரலும் நகமும் கொண்டு வரைந்தே பெயர் பெற்றவர்.

அன்றிலிருந்து பிள்ளைகளிடம் "இது என்ன?" என்று நான் கேட்பதில்லை. "எந்த இடத்தில கூட அழுத்தினீங்க?" என்று கேட்டால் நிறையப் பேசுகிறார்கள்.

அக்கரைப்பற்று

அக்கா, நீங்கள் என்ன பெயின்ட் பாவிக்கிறீர்கள்? அக்ரிலிக் என்றால் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இரண்டாவது தரம் விரல் வைப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. மாரியில் நிதானமாக வேலை செய்யலாம். நான் இப்போது வீட்டிலேயே செய்கிறேன். கோன்ஃபிளவரைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கஞ்சி மாதிரி கண்ணாடிப் பதம் வரும்வரை கிண்டி இறக்கி, ஆறியதும் நிறம் சேர்ப்பேன். கொஞ்சம் உப்புப் போட்டால் சீக்கிரம் பழுதாகாது. நம் வெக்கைக்கு மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. தாளை முதலில் நனைத்து மேசையில் ஒட்டவிடுங்கள், விரல் வழுக்கிக்கொண்டு போகும். பழைய கலண்டர் தாளின் பின்பக்கமே போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஆயில் பெயின்டை வெறும் விரலால் தொடாதீர்கள். சில நிறங்களில் ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கும். கட்டாயம் அதுதான் வேணுமென்றால் கையுறை போடுங்கள்.

ஆரையம்பதி

கையாலே நிறம் பூசும் பழக்கம் வகுப்பறைக்குள் வந்ததில் ரூத் பைசன் ஷா என்ற அமெரிக்க ஆசிரியைக்குப் பெரிய பங்குண்டு. 1930களின் தொடக்கத்தில் ரோமில் பள்ளி நடத்தியபோது பிள்ளைகளுக்காக இதற்கென்றே பெயின்ட் தயாரித்தவர். நம் மட்டக்களப்பிலும் 1996இல் தொடங்கிய 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' என்ற சிறுவர் நிலையத்தில் போர் பாதித்த பிள்ளைகளுக்குக் களிமண்ணும் நிறமும் கதையும் கொடுத்தார்கள். சொல்லத் தெரியாததைக் கை சொல்லும் என்று நம்புகிறவள் நான்.

அக்கரைப்பற்றுத் தம்பிக்கு ஒரு குறிப்பு. அந்தக் கஞ்சியில் மஞ்சள் தூள் கலந்தால் அருமையான நிறம் வரும், ஆனால் வெளிச்சத்தில் வெளிறிவிடும். சுவரில் மாட்ட நினைத்தால் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், வரைந்த அன்றே ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.