மூக்கு ஜெல் காப்புரிமை: 'யாருக்கும் தோன்றுவதுதானே' என்கிறார்கள், வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் பார்மசி கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒற்றைத் தலைவலிக்கு மூக்கில் விடும் ஜெல்லுக்குக் காப்புரிமை கேட்டிருந்தோம். முதல் ஆய்வு அறிக்கை வந்துவிட்டது. மருந்தும் பழசு, ஜெல்லும் பழசு, இரண்டையும் சேர்ப்பது துறை தெரிந்த யாருக்கும் தோன்றுமாம், காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவைக் காட்டுகிறார்கள். பதில் தர 6 மாதம், அதில் 2 ஓடிவிட்டது.

எங்கள் கையில் இருப்பது ஒன்றுதான். வழக்கமான பதனப்பொருளைச் சேர்த்தால் இந்த மருந்து சிதையும் என்கிறது ஒரு பழைய கட்டுரை. நாங்கள் அதையே சேர்த்தோம், மருந்து தாங்கியது. ஆனால் அமெரிக்காவில் நலோக்சோன் ஸ்பிரே (ஓபியம் வகை மருந்து அளவு மீறினால் மூக்கில் அடிப்பது) காப்புரிமை வழக்கிலும் இதே வாதம்தான், பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதனப்பொருளை வைத்து. 2022-ல் மேல்முறையீட்டிலும் எடுபடவில்லை. படித்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம், நெல்பேட்டையில் விடியுமுன் ஆட்டுத்தலை வாங்கி, மூக்குச் சவ்வை உரித்து ஐஸில் வைத்து, டவுன் பஸ்ஸில் கொண்டுவந்து செய்த சோதனை ஒன்று இருக்கிறது (வீட்டில் இன்னும் கேலி ஓயவில்லை). மருந்து அந்தச் சவ்வை ஊடுருவிய அளவுகள் விண்ணப்பத்தில் இல்லை. இப்போது பதிலோடு இணைத்தால் ஏற்பார்களா?

இப்படிப் பதில் எழுதியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மதுரைப் பக்கம் மருந்தும் தெரிந்த காப்புரிமை முகவர் யாராவது இருந்தாலும் இன்பாக்ஸில் தெரிவியுங்கள்.