டெபியன் 12-க்கு மாற்றியதும் ஆலிக்ஸ் போர்டு எழவில்லை: கோளாறு கார்டிலா, செயலியிலா?

கம்பிவலை (கேள்வி):

வணக்கம். ஒரு பள்ளியின் கணினி அறைக்கு இணையத்தைப் பகிர்ந்து கொடுக்கப் பழைய ஆலிக்ஸ் போர்டு (ஒற்றைப் பலகைச் சிறு கணினி) ஒன்றை வைத்திருக்கிறேன். பிசி எஞ்ஜின்ஸ் தயாரிப்பு. 500 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், வட்டுக்குப் பதிலாக 4 ஜிபி சிஎஃப் கார்டு. லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 11-இல் ஃபயர்வால், டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்குவது), டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரி ஒதுக்குவது) மூன்றும் அதில்தான் ஓடின. மின்விசிறி கிடையாது. 12 வோல்ட் பேட்டரியில் நேராகச் செருகிவிடலாம் என்பதால் கரண்ட் போனாலும் கவலையில்லை.

பள்ளி விடுமுறையில் டெபியன் 12-க்கு மேம்படுத்தத் தொடங்கினேன். பாதி வழியில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று வரிவரியாக வந்து நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால், சீரியல் கேபிளில் பயாஸ் (போர்டின் தொடக்க நிரல்) வருகிறது, கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) ஏறுகிறது, சில நொடிகளில் ‘கர்னல் பேனிக், அட்டெம்ப்டட் டு கில் இனிட்’. அதே வரியில் எக்ஸிட்கோட் என்ற இடத்தில் சுழியங்களின் கடைசியில் ஒரு 4.

சிஎஃப் கார்டு ஆயுள் முடிந்துவிட்டதா? புதிய கார்டு இப்போது கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. வாங்க அலைவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மின்சாரக் கண்ணன்:

முதலில் அடாப்டரைப் பாருங்கள். பாதி மேம்படுத்தலில் மின்னழுத்தம் இறங்கினால் கோப்புகள் சிதைந்துவிடும். அடுத்து, கார்டைக் கழற்றி வேறு கணினியில் கார்டு ரீடரில் போட்டு, கோப்பு முறைமையைச் சோதியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் நினைவகச் சோதனை.

கம்பிவலை:

நன்றி அண்ணா. அடாப்டர் 12 வோல்ட் சரியாகத் தருகிறது. பேட்டரியில் இணைத்தாலும் அதே கதைதான். கார்டை என் மடிக்கணினியில் போட்டுச் சோதித்ததில் பிழை ஒன்றும் இல்லை. இன்னொன்றும் செய்து பார்த்தேன்: அந்தக் கார்டின் மீது மடிக்கணினியிலிருந்தே சிஹெச்ரூட் செய்தால் (அதாவது, கார்டில் உள்ள நிரல்களை மடிக்கணினியின் செயலியில் ஓட்டினால்) எல்லா நிரல்களும் ஒழுங்காக ஓடுகின்றன! போர்டில் மட்டும்தான் சாகின்றன. இதுதான் எனக்குப் புரியவில்லை.

பழம்பெட்டி:

புரியவில்லை என்று சொன்ன அந்த வரியிலேயே விடை இருக்கிறது. கார்டு நலம். உங்கள் செயலியைத்தான் டெபியன் 12 கைவிட்டுவிட்டது.

அந்த 4-ஐப் பாருங்கள். ஒரு நிரல் எந்தச் சிக்னலால் செத்தது என்பதன் எண் அது. 4 என்றால் செயலிக்குத் தெரியாத கட்டளை. கார்டு படிக்க முடியாமல் போயிருந்தால் பெரும்பாலும் 7 வந்திருக்கும். கூடவே உள்ளீட்டுப் பிழை என்று கர்னல் புலம்பியிருக்கும். நினைவகக் கோளாறென்றால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் சாகும். உங்களுடையது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே எண்ணோடு நிற்கிறது.

ஆலிக்ஸில் இருப்பது ஏஎம்டி ஜியோட் எல்எக்ஸ் 800. இது இரண்டுங்கெட்டான் செயலி. தன்னை 5-ஆம் குடும்பம் என்று அறிவித்துக்கொள்ளும். ஆகவே கர்னலும் அதை ஐ586 (பென்டியம் தலைமுறை) என்றே சொல்லும். ஆனால் அடுத்த தலைமுறையான ஐ686-க்கு (பென்டியம் புரோ முதல்) உரிய சிமூவ் கட்டளை அதில் உண்டு. அதனால்தான் 2017-இல் டெபியன் 9 வந்து ஐ586 செயலிகளை நீக்கியபோது, ஜியோட் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் அந்த விலக்கு போய்விட்டது. வெளியீட்டுக் குறிப்பில் ஏஎம்டி ஜியோட் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் செயலிக்குத் தெரியாத அந்தக் கட்டளை எது என்பதுதான் வேடிக்கை. அதன் பெயர் நோப்எல், நீண்ட நோப். அதன் வேலை என்ன? ஒன்றுமே இல்லை. நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுழற்சியின் தொடக்கம் நினைவகத்தில் 16-இன் மடங்கில் விழுந்தால் செயலிக்கு எடுக்க வசதி. இடையில் மிஞ்சும் பைட்டுகளை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். பழைய முறையில் ஒரு பைட் நோப்களை அடுக்குவார்கள். நோப்எல் இருந்தால் பல பைட்டுகளை ஒரே கட்டளையாக அடைத்துவிடலாம். பென்டியம் புரோ காலத்திலிருந்தே இன்டெல் செயலிகளில் இருக்கிறது. ஜியோட் எல்எக்ஸில் இல்லை. சும்மா இரு என்று சொன்னால் அந்தச் செயலி செத்துவிடுகிறது.

கம்பிவலை:

அப்படியென்றால் கர்னல் மட்டும் எப்படி ஏறியது? இன்னொரு கேள்வி: வேறு இரண்டு பழைய கணினிகளும் அங்கே இருக்கின்றன. செயலியின் விவரம் காட்டும் சிபியூஇன்ஃபோ கோப்பில் ஃப்ளாக்ஸ் (வசதிகளின் பட்டியல்) வரியைப் பார்த்து நோப்எல் உண்டா இல்லையா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா?

பழம்பெட்டி:

கர்னல் தனக்கு வேண்டிய நிரப்பு நோப்களைத் தானே முடிவு செய்துகொள்கிறது. 32 பிட் கர்னல் நோப்எல்லை நம்புவதே இல்லை. சிக்கல், அதற்குமேல் ஓடும் நிரல்களிலும் நூலகங்களிலும்தான். முதல் நிரலான இனிட் ஓடத் தொடங்கியதும் செத்தது அதனால்தான்.

ஃப்ளாக்ஸ் வரியை நம்பாதீர்கள். 32 பிட் கர்னல் நோப்எல்லுக்கான கொடியை (ஃப்ளாக்) அந்த வரியிலிருந்து தானே அழித்துவிடும். பென்டியம் 4-இல் பார்த்தாலும் நோப்எல் என்று வராது. மாடல் பெயர் வரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ‘ஜியோட்’ என்றிருந்தால் டெபியன் 11-உடன் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த இரண்டு கணினிகளும் 64 பிட் செயலிகள் என்றால் ஏஎம்டி64 என்ற 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவிவிடுங்கள். 32 பிட் மட்டும் என்றால் டெபியன் 12-தான் எல்லை. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13-இல் ஐ386 என்ற 32 பிட் பதிப்புக்குக் கர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. 64 பிட் இயந்திரத்துக்குள் பழைய 32 பிட் நிரல்களை ஓட்டுவதற்கு மட்டுமே அதன் பொதிகள் (நிரல் தொகுப்புகள்). செயலியில் எஸ்எஸ்இ2 கட்டளைகள் வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி எல்லாம் அத்தோடு வெளியே.

கரிசல்:

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒன்றும் செய்யாத ஒரு கட்டளைக்காக, ஓடிக்கொண்டிருக்கும் போர்டைக் குப்பைக்கு அனுப்புவது என்ன நியாயம்? திறந்த மூல இயங்குதளத்தை நாம் தேடி வந்ததே பழைய இயந்திரத்தை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்பதற்காகத்தான். விற்பனை நிறுவனங்கள் செய்வதையே இவர்களும் செய்தால் வித்தியாசம் எங்கே?

பழம்பெட்டி:

குப்பைக்கு அனுப்பச் சொல்லி நான் எழுதவில்லை. அடுத்த பதிலில் வழி சொல்கிறேன். ஆனால் அவர்கள் பக்கமும் இருக்கிறது. நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரும் அசெம்பிளரும் டெபியன் எழுதுவதல்ல. ஐ686 என்றால் நோப்எல் உண்டு என்று அந்தக் கருவிகள் எடுத்துக்கொள்கின்றன. ஜியோட்டுக்காக ஒவ்வொரு பொதியிலும் அதைத் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய, அந்தப் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சோதிக்க, ஆள் வேண்டும். சோதிக்க ஆளில்லாத ஆதரவு வெறும் பெயர்ப்பலகை. உடைந்திருப்பதே உங்களைப் போன்ற ஒருவர் மாட்டும்போதுதான் தெரியவரும்.

லினக்ஸ் கர்னலிலும் இதே கதைதான். டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியதே ஒரு 386 கணினியில். அந்த 386-ஐ 2012 டிசம்பரில் நீக்கினார்கள். அடுத்து வந்த 3.8 பதிப்பில் அது இல்லை. நீக்கச் சொன்னவர் கர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார். ஏற்றுக்கொண்ட டோர்வால்ட்ஸ், தனக்கு அதில் உணர்ச்சிப் பிணைப்பு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். 2025 ஏப்ரலில் அதே மோல்னார் 486-ஐயும் தொடக்ககால 586 சிலவற்றையும் நீக்கும் மாற்றங்களை அனுப்பினார். டிஎஸ்சி, சிஎக்ஸ்8 என்ற இரண்டு வசதிகளும் இல்லாத செயலிகளுக்காகக் கர்னலுக்குள் போலியாகச் செய்து காட்டும் நிரல் கிடக்கிறது; அதைப் பராமரிக்கும் நேரத்தை வேறு எதற்காவது செலவிடலாம் என்பது அவர் வாதம். உங்கள் ஜியோட்டில் அந்த இரண்டும் உண்டு. ஆகவே கர்னல் அளவில் உங்களுக்கு ஆபத்தில்லை.

கரிசல்:

சரி, ஆள் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் மேம்படுத்தல் தொடங்கும்போதே ‘இந்தச் செயலியில் ஓடாது’ என்று சொல்லி நிறுத்துவதற்கு எத்தனை வரி நிரல் ஆகிவிடும்? வெளியீட்டுக் குறிப்பை முழுதாகப் படித்துவிட்டு மேம்படுத்துகிறவர் எத்தனை பேர்?

பழம்பெட்டி:

அதில் நான் உங்கள் கட்சி.

இனி வழி. பாதியில் நின்ற மேம்படுத்தலைப் பின்னோக்கி உருட்ட முயல வேண்டாம். டெபியனில் பதிப்பு இறக்கம் ஆதரிக்கப்படுவதில்லை. கார்டை மடிக்கணினியில் போட்டு, அமைப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறையை முழுதாக நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டில் ஒன்று. டெபியன் 11-ஐ மறுபடி நிறுவலாம். அதன் நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஆகஸ்ட் இறுதியோடு முடிகின்றன. இணையத்தை நேராகப் பார்த்திருக்கும் ஃபயர்வாலை அதற்குப் பிறகும் அதில் ஓட்டக் கூடாது. ஆகவே என் பரிந்துரை, ரூட்டர்களுக்கான லினக்ஸ் இயங்குதளமான ஓபன்டபிள்யூஆர்டி. அதன் எக்ஸ்86 பிரிவில் ஜியோட்டுக்கென்றே தனிப் பதிப்பு இருக்கிறது. உங்கள் மூன்று வேலைகளும் அதன் அன்றாட வேலைகள். 256 எம்பி அதற்குத் தாராளம். பொதுவான கணினியாகவே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் பாருங்கள். அதன் ஐ386 பதிப்பு 486-லிருந்தே ஏற்கிறது.

ஓபன்டபிள்யூஆர்டி பிம்பக் கோப்பை (இமேஜ்) அவிழ்த்து முழுக் கார்டின் மீதும் எழுத வேண்டும், அதன் ஒரு பகிர்வின் (பார்ட்டிஷன்) மீது அல்ல. சீரியல் வேகத்தையும் கவனியுங்கள். ஆலிக்ஸின் பயாஸ் 38400-இல் பேசும். இயங்குதளம் 115200-இல் பேசக்கூடும். பயாஸ் எழுத்துகள் தெளிவாக வந்து, பிறகு திரை முழுக்கக் குப்பையாக வந்தால் போர்டு சாகவில்லை. வேகத்தை மாற்றிப் பாருங்கள்.

கம்பிவலை:

ஓடிவிட்டது! ஓபன்டபிள்யூஆர்டி ஜியோட் பதிப்பை எழுதினேன். நீங்கள் சொன்னபடியே நடுவில் எழுத்துகள் குப்பையாயின. வேகத்தை மாற்றியதும் உள்நுழைவு வந்தது. டிஎச்சிபியில் ஒவ்வொரு கணினிக்கும் ஒதுக்கியிருந்த முகவரிகளைப் பழைய கோப்பிலிருந்து பார்த்துச் சேர்த்துவிட்டேன். மற்ற இரண்டு கணினிகளும் கோர் 2 டூயோ. அவற்றில் 64 பிட் டெபியன் 13 நிறுவிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. வீட்டிலிருந்து இந்த ரூட்டருக்குள் பாதுகாப்பாக வர விபிஎன் வேண்டும். ஜியோட்டுக்குள் மறையாக்கத்துக்கென்று தனி வன்பொருள் இருப்பதாகப் படித்தேன். வயர்கார்டு என்ற விபிஎன் போட்டால் அந்த வன்பொருள் உதவுமா?

பழம்பெட்டி:

உதவாது. அதற்குள் இருப்பது ஏஇஎஸ் என்ற மறையாக்க முறைக்கான பொறி, அதுவும் 128 பிட் சாவிக்கு மட்டும். வயர்கார்டு பயன்படுத்துவது சாசா20 என்ற வேறு முறை; அந்தக் கணக்கு முழுவதையும் செயலிதான் போட வேண்டும். ஆனாலும் வயர்கார்டே போடுங்கள். உள்ளே வந்து அமைப்புகளைத் திருத்த மட்டும் என்றால் 500 மெகாஹெர்ட்ஸ் போதும்.