சூப்பர் ஃபேமிகாம்: கேம் சேவ் நிக்க மாட்டேங்குது, வாள் வெட்டும் ஏறல. கேசட் போலியா?

சிப்புட்_பையன்:
வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம், தோட்டம். டிவியில சொருகி ஆடுற ஜப்பான் கேம் பெட்டி, சூப்பர் ஃபேமிகாம் ஒண்ணு, கூட செய்க்கென் டென்செட்சு 2 கேம் கேசட் (இங்கிலீஷ்ல சீக்ரெட் ஆஃப் மானா, 1993). படமும் பாட்டும் பிரமாதம். ஆனா ஆட்டத்துல வர்ற சத்திரத்துல சேவ் பண்ணி ஆஃப் பண்ணா, மறுநாள் ஃபைல் காலி. இன்னொண்ணு, முயல் மாதிரி தாவுற மஞ்சள் உருண்டையகூட சடசடன்னு பத்து வெட்டு வெட்டணும். கேசட் போலியா அண்ணே?

பால்மரம்:
வெட்டு சரியாதான் இருக்கு தம்பி, உங்க கைதான் அவசரம். திரைக்குக் கீழ சதவீதம் ஓடுதுல்ல, அது 100 ஆனப்புறம் பி பட்டன அமுக்குங்க. ஒரு வெட்டு போட்டதும் அது சுழியத்துலேர்ந்து ஏறும். பாதியில வெட்டினா ஏதோ தடவிக் குடுத்த மாதிரிதான் அடி விழும். ஏ பட்டன்ல ஓடுனாலும் அந்தச் சதவீதம்தான் கரையும், ஓடிப்போய் உடனே வெட்டாதீங்க. ஒரு வெட்டு, ரெண்டு அடி பின்வாங்கல், மறுபடியும் 100. இந்தத் தாளம் பிடிபட்டா ஆட்டமே வேற.

அப்புறம், ஒவ்வொரு பண்டமும் நாலுக்கு மேல பையில நிக்காது. மிட்டாய வாங்கிக் குவிக்கலாம்னு நினைக்காதீங்க.

ஈயக்கம்பி:
சேவ் விஷயத்துக்கு முதல்ல ஒரு சோதனை. சேவ் பண்ணுங்க, பவர தொடாம ரீசெட் மட்டும் அமுக்குங்க. ஃபைல் இருக்கா? இருந்தா சேவ வச்சிருக்கிற நினைவுச் சில்லு (மெமரி சிப்) நல்லாருக்கு. இப்ப பவர ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விட்டுப் பாருங்க. போயிருந்தா உள்ள இருக்கிற பேட்டரி செத்துருச்சு. ரீசெட்டுக்கே போச்சுன்னா பேட்டரிய குத்தம் சொல்லாதீங்க, கேசட் பின்னுல அழுக்கு இருக்கும், இல்ல சில்லே கெட்டிருக்கும். நம்ப ஊரு ஈரத்துல பின் பச்சை பூக்கிறது சகஜம். வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம்தான் உள்ள போகும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல, பஞ்சுக்குச்சில தொட்டுத் துடைச்சு நல்லா காயவிடுங்க.

சிப்புட்_பையன்:
ரீசெட்டுக்கு நிக்குது. ஆஃப் பண்ணா போகுது.

ஈயக்கம்பி:
அப்ப பேட்டரிதான். கேசட் திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் (கேம் கேசட் ஸ்க்ரூவுக்குன்னே உள்ள முனை) வேணும், சாதா ஸ்க்ரூட்ரைவர் ஏறாது. உள்ள இருக்கிறது சி.ஆர். 2032 காசு பேட்டரி, 3 வோல்ட். வோல்ட் மீட்டர் வச்சுப் பாருங்க, 2.5க்குக் கீழ காட்டினா மாத்திடுங்க.

வாங்கும்போது ரெண்டு பக்கமும் தகடு வச்ச பேட்டரியா கேளுங்க. கடையில கிடைக்கிற வெறும் காசு பேட்டரி மேல நேரா ஈயம் வைக்காதீங்க, சூடேறி வெடிச்சிரும். டேப் ஒட்டி வைக்கிற வேலையும் வேணாம், ஆடுனா சேவ் போயிரும். போர்டுல + குறி இருக்கும், பழசக் கழட்டுறதுக்கு முன்னால எந்தப் பக்கம்னு படம் எடுத்துக்குங்க. ஈயம் வைக்கப் பழக்கம் இல்லன்னா டிவி ரிப்பேர் கடையில குடுத்தா முடிச்சிருவாங்க.

திறக்கும்போது போர்டையும் பாருங்க. சில்லுக்குப் பதிலா கறுப்புப் பசை உருண்டை இருந்தா போலிதான்.

பால்மரம்:
ஒண்ணு கேக்க மறந்தேன், அடாப்டர் எது? ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு. நம்ப 240ல நேரா சொருகினா புகைதான் லா.

சிப்புட்_பையன்:
இங்கயே வாங்கின 9 வோல்ட், 1 ஆம்பியர்.

ஈயக்கம்பி:
9 வோல்ட்டும் ஓடும், ஒரிஜினல் அடாப்டர் 10 வோல்ட் 850 மில்லிஆம்பியர்தான். ஆனா முனை நடுவுல மைனஸா இருக்கணும், இங்க விக்கிறது பாதி நடுவுல பிளஸ். மேல வரைஞ்சிருக்கிற குறியப் பாத்துட்டு சொருகுங்க. படம் கறுப்பு வெள்ளையா வந்தா டிவி மெனுவுல கலர் சிஸ்டத்த ஜப்பான் முறையான என்.டி.எஸ்.சி. 3.58க்கு மாத்துங்க.

சிப்புட்_பையன்:
மீட்டர் 1.9 காட்டுது. கறுப்பு உருண்டை இல்ல. அடாப்டர்ல நடு மைனஸ்தான். தகடு வச்ச பேட்டரி ஈப்போவுல தேடுறேன்.