முகவரிப் பட்டையில் எது தட்டினாலும் தேடப் போகிறது, நிறுத்துவது எப்படி?

அரைத்தூக்கம்:
வீட்டு நெட்வொர்க்கில் ஒரு ஃபைல் சர்வர், பெயர் 'பரண்'. அந்தப் பெயரைத் தட்டி என்டர் அடித்தால் சர்வர் திறக்காமல், பரண் கட்டுவது எப்படி என்று பத்து இணைப்புகள் வருகின்றன. தேடலை அடியோடு அணைக்க வேண்டும். அவசரம்.

மூன்றாம்கண்:
எந்த பிரவுசர்? கணினியா, மொபைலா?

காஷ்துடைப்பான்:
முதலில் காஷ், குக்கி என்று பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். எந்தக் கோளாறானாலும் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

பழையமவுஸ்:
நூறு தடவை பேசியாயிற்று. கேட்பதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது.

அரைத்தூக்கம்:
ஐயா, தேட வேண்டாம் என்றுதான் கேட்கவே வந்தேன்.

மூன்றாம்கண்:
பிரவுசர் எதுவென்று இன்னும் சொல்லவில்லை.

அரைத்தூக்கம்:
ஃபயர்பாக்ஸ். லேப்டாப்.

நூல்கண்டு:
பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' என்று தட்டுங்கள். எச்சரிக்கை வரும், ஏற்றுக்கொண்டு உள்ளே போங்கள். 'கீவேர்ட்.எனேபிள்டு' என்ற வரியை இரட்டைக் கிளிக் செய்தால் ட்ரூ என்பது ஃபால்ஸ் ஆகிவிடும். அப்புறம் பட்டை தானாகத் தேடாது. தேடல் பெட்டியைக் கருவிப்பட்டையில் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

பழையமவுஸ்:
ஒரு பெயருக்காக மொத்தத் தேடலையும் அணைப்பானேன்? பின்னால் ஒரு சாய்கோடு போடுங்கள்: பரண்/ அவ்வளவுதான். பிரவுசர் அதை முகவரியாக எடுத்துக்கொள்ளும்.

காஷ்துடைப்பான்:
காஷ் அழித்தீர்களா?

இருபெட்டி:
எல்லாம் 2008இல் குரோம் கொண்டுவந்த ஒற்றைப் பட்டையின் வினை. ஃபயர்பாக்ஸும் 2017இல், 57ஆம் பதிப்பில், புதிதாக நிறுவுகிறவர்களுக்குத் தனித் தேடல் பெட்டியை எடுத்துவிட்டது. பரிந்துரைகளை அணைக்காவிட்டால் தட்டத் தட்ட எழுத்துகள் தேடுபொறிக்குப் போகும், அது தெரியுமா?

நூல்கண்டு:
பரிந்துரைக்குத் தனி அமைப்பு இருக்கிறது. அது வேறு, இது வேறு.

இருபெட்டி:
வேறுதான். ஆனால் இரண்டு பெட்டி இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

பழையமவுஸ்:
இரண்டு பெட்டி இருந்த காலத்திலும் தப்பான பெட்டியில்தான் தட்டினார்கள்.

அரைத்தூக்கம்:
சாய்கோடு போட்டேன். தேடவில்லை, ஆனால் 'சர்வரைக் காணவில்லை' என்கிறது.

மூன்றாம்கண்:
அப்படியானால் பிரவுசர் சரியாகத்தான் கேட்கிறது, பெயருக்குத்தான் பதில் வரவில்லை. சர்வரின் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குள்ள எண் முகவரியைத் தட்டினால் திறக்கிறதா? வீட்டு நெட்வொர்க் பெயர்களுக்கான பின்னொட்டைச் சேர்த்து, பரண்.லோக்கல்/ என்றும் போட்டுப் பாருங்கள்.

வழிப்போக்கர்:
குரோமில் எப்படி அணைப்பது?

நூல்கண்டு:
அதில் நேரடி சுவிட்ச் இல்லை. 'ஹெச்டிடிபி://%s' என்று ஒரு போலித் தேடுபொறியைச் சேர்த்து, அதையே இயல்புநிலை ஆக்கிக்கொள்கிறார்கள். %s இருக்கும் இடத்தில் நீங்கள் தட்டியது வந்து உட்காரும், அதனால் அது முகவரியாகவே போகும்.

அரைத்தூக்கம்:
லோக்கல் சேர்த்ததும் திறந்தது. நன்றி.

காஷ்துடைப்பான்:
காஷ் அழித்த பிறகா, முன்பா?