மீன் தீவனத்துல ஆரஞ்சுத் தோல் கலந்தா வாடை போகுமா?

குளத்துமீன்:
வணக்கம். குளத்துல திலேப்பியா வளர்க்கிறேன், எடை நல்லா வருது ஆனா வாங்குறவங்க சேத்து வாடை அடிக்குதுன்னு சொல்றாங்க. ஜப்பான்ல பழத்தோல் கலந்த தீவனம் போட்டு கவுச்சி இல்லாத மீன் எடுக்குறாங்களாமே, ஜூஸ் பிழிஞ்ச தோல் எனக்கு நிறைய கெடைக்கும், அரைச்சு போடலாமா?

நீலக்கடல்:
உண்மைதாங்க. ஜப்பான் மாகாணங்கள்ல எஹிமேல மிக்கான், ககோஷிமால யூசு, ஒய்தால கபோசுன்னு அந்தந்த பக்கம் விளையற ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழத்தையே போடுறாங்க, முக்கியமா புரிங்குற கடல் மீனுக்கு. அந்த மீனை வெட்டி வச்சா செவப்பு சதை சீக்கிரம் பழுப்பாயிடும், பழத்தோல்ல இருக்குற பாலிபீனால்ங்குற தாவரச் சத்து, வைட்டமின் சி எல்லாம் அதைத் தள்ளிப்போடுது. மணம் வர்றது லிமோனீன்ங்குற எண்ணெயால, அது கொழுப்புல கரையுறதால கொழுப்பு அதிகமுள்ள மீன்லதான் நல்லா தங்கும். திலேப்பியால கொழுப்பு கம்மி, அந்த அளவுக்கு எதிர்பார்க்காதீங்க.

பாசிக்குளம்:
மேல சொன்னது சரி, ஆனா கேட்டவரோட பிரச்சனையே வேறங்க. சேத்து வாடைக்கு காரணம் ஜியோஸ்மின்ங்குற வேதிப்பொருள், நீலப்பச்சைப் பாசி உண்டாக்குறது, தண்ணியிலிருந்து செவுள் வழியா மீனுக்குள்ள ஏறிடும். தண்ணி அப்படியே இருக்கும்போது தோல் போட்டு என்ன பண்றது? மொதல்ல மிச்சத் தீவனம் குளத்துல சேராம பாருங்க, பிடிச்ச மீனை விக்கிறதுக்கு முன்னாடி தீவனம் போடாம சுத்தமான ஓடுற தண்ணியில சில நாள் விடுங்க, ஒண்ணு ரெண்டை சமைச்சு ருசி பாத்துட்டு அப்புறம் வித்தா போதும். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

குளத்துமீன்:
ரொம்ப நன்றிங்க, தண்ணியத்தான் மொதல்ல பாக்குறேன். அப்புறமா தோலையும் கொஞ்சம் போட்டு பாக்கலாம்னா எப்படி போடணும்?

நீலக்கடல்:
நிழல்ல நல்லா காய வச்சு பொடி பண்ணுங்க, கொதிக்க வச்சா மணம் பறந்துடும். பூஞ்சை புடிச்ச தோல் வேணவே வேணாம், விஷம். கடைக்கு வர்ற பழத்துமேல மெழுகு, பூஞ்சக்கொல்லி பூசியிருப்பாங்க, அதனால தோல் எங்கேருந்து வருதுன்னு கேட்டுக்கோங்க. 100 கிலோ தீவனத்துக்கு அரை கிலோ பொடியை மீன் எண்ணெயில கொழச்சு பெல்லட் (தீவனக் குருணை) மேல பூசி ஆரம்பிங்க, அதுவும் அறுவடைக்கு முன்னாடி கடைசி சில வாரம் மட்டும். அதிகமா போட்டா கசப்புல மீன் தீவனத்தை ஒதுக்கும், நார்ச்சத்தும் தோல்ல இருக்குற பெக்டின்ங்குற பசைப்பொருளும் கூடிப்போனா செரிமானமும் கெடும். ஒரு சின்ன தொட்டியில மட்டும் போட்டு, போடாத மீனோட வச்சு ருசி பாருங்க.