டாலி மிக்ஸ்சர் குழுவைக் கெடுத்தது யார்?

நாடாப்பெட்டி:
கேம்பிரிட்ஜில் 1978-இல் மூன்று பெண்கள் தொடங்கிய இசைக்குழு டாலி மிக்ஸ்சர். டெப்சி வைக்ஸ் பேஸ், ரேச்சல் போர் கிட்டார், ஹெஸ்டர் ஸ்மித் டிரம்ஸ். பங்க் ராக் இசையின் கூச்சல் ஓயாத நேரத்தில், அறுபதுகளின் பெண் குழுக்களைப் போல இனிமையாகப் பாடினார்கள், அதுவும் கவுன் போட்டுக்கொண்டு. பெரிய கம்பெனிகளுக்கு வெளியே வளர்ந்த இண்டி பாப் இசைக்கே இவர்கள்தான் தொடக்கம் என்பேன். ஆனாலும் 1984-இல் பிரிகிறவரை எந்தக் கம்பெனியும் இவர்களுக்கு ஓர் ஆல்பம் போடவில்லை.

என் கட்சி இதுதான்: கெடுத்தது கிரிசாலிஸ் கம்பெனி. கை நிறையச் சொந்தப் பாட்டு வைத்திருந்தவர்களை, ஷிரெல்ஸ் என்ற அறுபதுகளின் பெண் குழு பாடிப் பிரபலமான ‘பேபி இட்ஸ் யூ’வைப் பாடவைத்து 1980-இல் முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, விட்டது. தயாரிப்பு யார் தெரியுமா? பதின்வயதுப் பெண்கள் கொண்டாடிய பே சிட்டி ரோலர்ஸ் குழுவின் எரிக் ஃபாக்னர்! பதின்வயதுப் பொம்மைக் குழுவாக விற்கப் பார்த்தார்கள். தட்டு வெளிவந்த கையோடு மூவரும் அதைக் கைகழுவிவிட்டார்கள்.

கிட்டார்கிறுக்கன்:
கம்பெனி தலையில் பழியைப் போடுவது சுலபம். அதற்கப்புறம் என்ன ஆச்சு? பாடகர் பால் வெல்லர் ரெஸ்பாண்ட் என்ற தன் இசை லேபிளைத் தொடங்கி முதலில் வெளியிட்டதே இவர்களைத்தான். 1981-இல் ‘பீன் டீன்’, அடுத்த வருடம் ‘எவ்ரிதிங் அண்ட் மோர்’. வெல்லரின் ஜாம் குழுவுக்கு முன்னால் மேடையேறினார்கள். இந்தத் தடவை பாட்டும் சொந்தம், திணிக்க ஆளும் இல்லை. அப்படியும் ஓடவில்லையே? குரல் அங்கங்கே சுருதியை விட்டு நழுவுகிறது. உங்களுக்கு அது அழகு, ரேடியோ கேட்கிறவனுக்கு அரைவேக்காடு.

செவிச்செல்வி:
அண்ணே, அந்த 1982-லேயே ரேடியோ கேட்டவன் இவர்கள் குரலை ரசித்திருக்கிறான், பெயர்தான் தெரியாது. டேம்ன்ட் என்ற பங்க் குழுவின் கேப்டன் சென்சிபிள் தனியாகப் பாடிய ‘ஹேப்பி டாக்’ அந்த ஜூலையில் பிரிட்டனில் முதலிடம். அதில் பின்பாட்டு யார்? இதே மூவர். பின்னால் நின்று பாடினால் முதலிடம், முன்னால் வந்தால் அரைவேக்காடா?

கிட்டார்கிறுக்கன்:
‘ஹேப்பி டாக்’ 1949-இல் வந்த ஒரு இசை நாடகத்தின் பாட்டு. மக்கள் வாங்கியது கேப்டனின் சிவப்புத் தொப்பியையும் கோமாளித்தனத்தையும்தான். இன்னொன்று: ‘பேபி இட்ஸ் யூ’ அடுத்தவர் பாட்டு என்பதால் அவமானம் என்றால், இது மட்டும் கௌரவமா?

நாடாப்பெட்டி:
நண்பருக்குப் பின்பாட்டு பாடுவதும், தன் பெயரில் வரும் முதல் தட்டிலேயே ஊரார் பாட்டைச் சுமப்பதும் ஒன்றா என்ன? ரெஸ்பாண்ட் சிங்கிள்களை, டேம்ன்ட் குழுவின் பால் கிரேயோடு சேர்ந்து தயாரித்துக் கொடுத்ததே அந்தக் கேப்டன்தான்.

சுருதிக்கு வருகிறேன். ‘டெமான்ஸ்ட்ரேஷன் டேப்ஸ்’ கேட்டீர்களா? கம்பெனி போடாத ஆல்பத்தைத் தாங்களே இரட்டைத் தட்டாகப் போட்டார்கள். 27 பாட்டு, வெறும் வெள்ளை உறை, அதன்மேல் முத்திரை, மொத்தமே 1000 பிரதி. எல்லாம் டெமோ, அதாவது மாதிரிப் பதிவுகள், மெருகு கிடையாது. ஆனால் ‘ஜேன், பையன்களிடம் உனக்கு மட்டும் எப்படி இத்தனை மவுசு’ என்று கேட்கும் ஒரு பாட்டு இருக்கிறது பாருங்கள், அந்தக் குறும்பை எந்த ஸ்டூடியோவில் மெருகேற்றுவது? மெருகேற்றினால் செத்துவிடும்.

மழைத்தவளை:
குறும்பு சரி, ‘தொடக்கம்’ என்பதுதான் இடிக்கிறது. 1000 பேர் வீட்டில் இருந்த தட்டிலிருந்தா ஓர் இசைவகை பிறந்தது? கிளாஸ்கோவில் போஸ்ட்கார்டு லேபிள் 1980-லேயே ஆரஞ்ச் ஜூஸ் குழுவின் பாட்டுகளை வெளியிட்டுவிட்டது. பெண்கள் மட்டும்தான் கணக்கு என்றால், பாடகி ட்ரேசி தார்ன் இருந்த மரின் கேர்ள்ஸ் குழு 1981-இல் ‘பீச் பார்ட்டி’ ஆல்பத்தைக் கேசட்டாகவே போட்டார்கள். டாலி மிக்ஸ்சரின் புகழ் பெரும்பாலும் பின்னால் வந்த ரசிகர்கள் ஏற்றிவிட்டது. ‘டேப்ஸ்’ குறுந்தகடாக வந்ததே 1995-இல், செயின்ட் எட்டியென் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவினரின் தயவில். அந்தக் குழுவோடு டெப்சியும் பாடியிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செவிச்செல்வி:
ஆயிரம் பேரில் யார் கையில் கிட்டார் இருந்தது என்பதல்லவா கணக்கு? அப்புறம், பிரிந்த பிறகு 1986-இல் வந்த ‘ஃபயர்சைடு’ இ.பி.யைப் பற்றி, அதாவது அந்தச் சில பாட்டுத் தட்டைப் பற்றி, ஏன் யாருமே பேசவில்லை? பியானோவும் செல்லோவும் வைத்து, வீட்டுக்கூடத்தில் வாசிப்பது போன்ற இசை. பொம்மைக் குழு, அரைவேக்காடு, ரசிகர் கட்டிவிட்ட புகழ், இந்த மூன்றில் எதற்குள்ளும் அது அடங்காது. கிறுக்கன் அண்ணே, முதலில் அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், சுருதியைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம்.